கூட்டில் இளையது எதுவோ, அதற்கேற்ற தீன்

மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, அதன்மேல், இன்னும் முட்டைக்கு வராத எங்கள் வெடைக்கோழியை மல்லாத்திப் படுக்க வைத்திருந்தார் மிருக டொக்டர். நெஞ்செலும்புக்குக் கீழே கத்தரிக்கோலால் வெட்டி, இரண்டு பக்கமும் விரித்தார். உள்ளே ஈரலின் மேலும், இதயத்தைச் சுற்றியிருந்த மெல்லிய சவ்வின் மேலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து, தும்புத்தடியால் ஒரு இழுப்பு இழுத்த மாதிரி. அவர் விரலால் தேய்த்ததும் மாவாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்ன தீன் குடுக்கிறீங்க டீச்சர்?"

"லேயர்தான் சேர்."

"இதுக்கு எத்தனை கிழமை?"

"பன்னிரண்டு இருக்கும்."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். திட்டவில்லை. தண்ணீர் போதாவிட்டாலும், சில கிருமிகளாலும்கூட இப்படி வரலாம் என்று சொன்னார். ஆனால் தண்ணீர் எங்கள் கூட்டில் எப்போதும் இருக்கிறது, கோழிகளுக்குச் சளியோ இருமலோ இல்லை. மிச்சம் இருந்த காரணம் தீன் மட்டும்தான். நான்தான் என் கையால் அள்ளிப் போட்ட தீன். ஒரு கிழமைக்குள் செத்த இரண்டாவது வெடைக்கோழி அது. சாக்குப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தபோது, என் மடியில் அது எவ்வளவு இலேசாக இருந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது.

எங்கள் வீடு நானுஓயாவிலிருந்து கீழே இறங்கும் சரிவில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் கடைசிக் காம்பரா. கடைசி என்பதால் பின்புறம் கொஞ்சம் நிலம் கிடைத்தது. அம்மா கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். நான் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். கூட்டில் அப்போது மூன்று விதமான கோழிகள் இருந்தன. அம்மாவின் ஊர்க்கோழி ஐந்து. நான் வாங்கி வளர்த்த சிவப்பு முட்டைக்கோழி ஆறு. அப்புறம் 2023 இல் வாங்கிய அரசாங்கப் பண்ணைக் குஞ்சுகள் எட்டு. மூன்றும் ஒரே கூட்டில், ஒரே தீன் தொட்டியில். முட்டையிடும் கோழிக்கு நல்லது என்று கடையில் விற்கும் லேயர் தீன், வளரும் கோழிக்கு இன்னும் நல்லதாகத்தானே இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். விலை கூடின தீன், சத்தும் கூடுதலாக இருக்கும் என்ற நினைப்பு. எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் இதே நினைப்புத்தான் இன்றைக்கும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கு இப்படி. ஒரு முட்டையின் ஓடு ஐந்து ஆறு கிராம் நிறை. அதில் கல்சியம் மட்டும் ஏறத்தாழ 2 கிராம். முட்டையிடும் சிவப்புக் கோழி ஒன்று நாளுக்கு 110 கிராம் அளவில் தின்னும். லேயர் தீனில் 100 கிராமுக்கு 3.5 முதல் 4 கிராம் வரை கல்சியம் போட்டிருப்பார்கள். அப்படியானால் ஒரு நாளில் 4 கிராம் அளவு உள்ளே போகிறது. போவதில் பாதிதான் உடம்பில் சேரும். பாதி என்றால் 2 கிராம், முட்டை ஓட்டுக்குச் சரியாகப் போய்விடுகிறது. அதாவது லேயர் தீன் என்பது முட்டை ஓட்டைக் கணக்குப் பார்த்துச் செய்த தீன். முட்டையே போடாத குஞ்சுக்கு அந்தக் கல்சியம் எங்கே போகும்? எலும்புக்கு வேண்டியது 100 கிராமுக்கு 1 கிராம் அளவுதான். மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டும். வாரக்கணக்காகத் தள்ளித் தள்ளிச் சிறுநீரகம் பழுதாகிறது. பழுதானதும், எச்சத்தில் வெள்ளையாகப் போக வேண்டிய யூரிக் அமில உப்பு போக வழியில்லாமல் உடம்புக்குள்ளேயே படிகிறது. மேசையில் நான் பார்த்த சுண்ணாம்பு அதுதான்.

வெளியே ஒன்றும் தெரியாது. கொஞ்சம் சோர்ந்து நிற்கும், கொஞ்சம் மெலியும், ஒரு காலையில் கூட்டுக்குள் கிடக்கும். "பேய்க்காத்து பட்டிருக்கு" என்றுதான் அம்மா முதலில் சொன்னார்.

இதற்கு ஒரு வருஷம் முன்பே தீன் விஷயத்தில் எனக்கு ஒரு பாடம் கிடைத்திருந்தது. அதைச் சரியாகப் படிக்கவில்லை. 2022 ஐ மலையகத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மண்ணெண்ணெய் இல்லை, கேஸ் இல்லை, பால்மா இல்லை. முந்தின வருஷம் இரசாயன உரத்தை நிறுத்தியதில் சோள விளைச்சலும் விழுந்திருந்தது. வெளியிலிருந்து சோளம் இறக்க டொலரும் இல்லை. கோழித் தீனில் பாதிக்கு மேல் சோளம்தான். அது இல்லையென்றால் தீன் மூடை எங்கிருந்து வரும்? வந்த மூடையின் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினவர்களை என் கண்ணால் பார்த்தேன். அந்த ஆகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாய், சிவப்பு முட்டைக்கு 45 ரூபாய் என்று அரசாங்கம் உச்ச விலை போட்டது. அடுத்த வருஷம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்க வேண்டி வந்தது. முட்டை அப்படி அருமையாகிப்போன நேரத்தில்தான் என் ஆறு கோழிகளும் முட்டையை நிறுத்தின.

நிறுத்தியது நான்தான். லேயர் மாஷ், அதாவது தூள் தீன், தீர்ந்த அன்று கடையில் அடுத்த மூடை இல்லை. குருணல், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு மூன்றையும் வாங்கி வந்து, கலந்து, அடுத்த நாள் காலையில் அப்படியே தொட்டியில் கொட்டினேன். கோழிகள் வந்து எட்டிப் பார்த்தன. இரண்டு கொத்துக் கொத்தின, தலையை ஆட்டி உதறின, போய்விட்டன. பசித்தால் தின்னும் என்று விட்டுவிட்டேன். நாலாம் நாள் எச்சம் தண்ணீராகப் போனது. பத்து நாளில், நாளுக்கு ஐந்து முட்டை இருந்த இடத்தில் ஒன்று. அதுவும் தோல்முட்டை, கையில் எடுத்தால் நீர் நிறைந்த பை மாதிரி நழுவியது. அப்புறம் கழுத்துப் பக்கம் சிறகு உதிர ஆரம்பித்தது. சிறகு முளைத்துப் பழையபடி முட்டைக்கு வர இரண்டரை மாதம் ஆனது.

ஊர்க்கோழிகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "நம்ம கோழிய பாரு, புள்ள" என்று அம்மா பெருமையாகச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஊர்க்கோழி கிழமைக்கு இரண்டு மூன்று முட்டை போட்டு, ஒரு ஈடு முடிந்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அதற்கு இழப்பும் குறைவு, தேவையும் குறைவு. தேயிலைக்கு இடையில் மண்ணைக் கிளறிப் புழுவும் பூச்சியும் தேடிக்கொள்ளவும் தெரியும். சிவப்புக் கோழி அப்படியல்ல. ஏறத்தாழ தினம் ஒரு முட்டை போட என்றே உருவாக்கிய இனம். தீனில் குறை விழுந்தால் முதலில் தன் எலும்பைக் கரைத்து ஓடு செய்யும், அதற்கும் வழியில்லாதபோது நிறுத்தும்.

நான் செய்த தவறு இரண்டு. ஒன்று, கலவையே சரியில்லை. முட்டைக் கோழித் தீனில் 16, 17 சதவீதம் புரதம் வேண்டும். குருணலில் 8 சதவீதம் அளவு, தவிட்டில் 12 அளவு. தேங்காய்ப் புண்ணாக்கில் 20 இருந்தாலும், கோழிக்கு முக்கியமாக வேண்டிய சில புரதக் கூறுகள் அதில் குறைவு, நாரும் அதிகம். சோயாப் புண்ணாக்கோ மீன்தூளோ சேராமல் இந்த மூன்றையும் எப்படிக் கலந்தாலும் குறையாகத்தான் நிற்கும். கல்சியமோ இல்லை என்றே சொல்லலாம். இரண்டாவது தவறு, ஒரே நாளில் மாற்றியது. என் அனுபவத்தில் இரண்டாவதுதான் பெரிது. கலவை இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருந்தாலும் அன்றைக்கு அவை தின்றிருக்கப் போவதில்லை.

கோழி தீனை ருசி பார்த்து அறிவதைவிடக் கண்ணாலும் அலகாலும்தான் அறிகிறது. நிறம், மணியின் அளவு, அலகில் படும் கடினம். நேற்று இருந்தது இன்று இல்லையென்றால் அதற்கு இது தீனே இல்லை. குடலுக்கும் புதுத் தீனுக்குப் பழகச் சில நாள் வேண்டும். அதனால் இப்போது எந்தத் தீனை மாற்றினாலும், மாஷிலிருந்து, மணிமணியாக அழுத்திய பெல்லட்டுக்கு மாறினாலும்கூட, பன்னிரண்டு நாள் எடுத்துக்கொள்கிறேன். முதல் நாலு நாள் பழையது மூன்று பங்கு, புதியது ஒரு பங்கு. அடுத்த நாலு நாள் பாதிக்குப் பாதி. கடைசி நாலு நாள் புதியது மூன்று பங்கு. இதற்குத் தேவை ஒன்றே ஒன்றுதான்: பழைய மூடை தீருமுன் புதியதை வாங்குவது. மூடையின் அடியில் ஒரு சாண் தீன் மிஞ்சும்போதே நான் கடைக்குப் போய்விடுவேன். தீர்ந்த பிறகு போனால் கடையில் இருப்பதுதான் கிடைக்கும், மாற்றமும் ஒரே இரவில் நடந்துவிடும்.

மாற்றும் நாட்களில் இருட்டின பிறகு ஒரு வேலை இருக்கிறது. கூட்டுக்குள் கையை விட்டு, கம்பில் உட்கார்ந்திருக்கும் கோழியின் கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் வலப்பக்கம் தொட்டுப் பார்ப்பேன். தின்ற தீன் முதலில் போய்ச் சேரும் இரைப்பை அங்கேதான். நன்றாகத் தின்ற கோழிக்கு அது கொய்யாப்பழம் அளவு உருண்டு, மணல் பொட்டலம் மாதிரி நெகிழ்ந்து கொடுக்கும். தின்னாத கோழிக்கு வெறும் தோல்தான் விரலில் படும். அடித்துத் தின்னும் இரண்டு கோழிகளை வைத்து, எல்லாமே தின்கின்றன என்று பகலில் ஏமாந்துவிடலாம். ஒடுங்கி நிற்கும் ஒன்று பட்டினி கிடப்பது இரவில் விரலுக்குத்தான் தெரியும். ஒன்றுக்கு மேல் வெறும் பையாக இருந்தால், அடுத்த நாள் கலவையில் ஒரு படி பின்னுக்குப் போவேன்.

சரி, வெவ்வேறு வயதுக் கோழிகள் ஒரே கூட்டில் இருந்தால் எந்தத் தீன்? மிஞ்சின ஆறு வெடைக்கோழிகளைத் தனியாக வைக்க எனக்கு இடமில்லை. இரண்டாவது கூடு கட்டத் தகரமும் இல்லை. டொக்டரிடமே கேட்டேன்.

"எல்லாத்துக்கும் குரோவர் குடுங்க. சிப்பித்தூளை வேற பேணியில வைங்க. தேவையானது தானா போய்த் தின்னும்."

குரோவர் என்பது வளரும் கோழிக்கான தீன், அதில் கல்சியம் குறைவு. எனக்கு நம்பிக்கை வரவில்லை. கோழிக்கு எப்படித் தெரியும்? ஆனால் தெரிகிறது. கல்சியம் குறைந்த கோழிக்கு அதைத் தேடும் பசி தனியாக எழும்புகிறது. முட்டையிடாததற்கு எழும்புவதில்லை. ஒரு பால்மாப் பேணியை வெட்டி, விளிம்பை மடக்கி, கூட்டுச் சுவரில் கோழியின் முதுகு உயரத்தில் அடித்து வைத்தேன். அதில் இடித்த சிப்பி, சோளக்குருணி அளவுக்கு. தூளாக அரைத்தது வேண்டாம். துண்டாக இருப்பது வயிற்றில் மெல்லக் கரைந்து, ஓடு கட்டும் இரவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்சியம் கொடுக்கும். சிவப்புக் கோழிகள் பேணிக்கு வரும் நேரத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். காலையில் அநேகமாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னேரம் மூன்று, நாலு மணிக்கு மேல் ஒவ்வொன்றாக வந்து, ஆறேழு துண்டு கொத்திவிட்டுப் போகின்றன. வெடைக்கோழிகள் ஒரு தரம் வந்து அலகால் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன.

சிப்பி கிடைக்காதபோது முட்டை ஓட்டைக் கழுவி, அடுப்பில் நன்றாக வறுத்து, நொறுக்கிப் போடுவேன். ஓட்டின் வடிவம் தெரியாத அளவுக்கு நொறுக்க வேண்டும், இல்லையென்றால் முட்டையைக் கொத்தித் தின்னப் பழகிவிடும்.

குரோவரில் புரதம் லேயரைவிட ஒன்றிரண்டு சதவீதம் குறைவு. வெளியே மேயும் கோழிக்கு அது பெரிய குறையில்லை. ஆனால் நாளெல்லாம் கூட்டிலேயே அடைத்து வளர்ப்பவர்களுக்கு, முட்டைக் கோழிகள் நிறைய இருந்தால், இது சரிவராது. அவர்கள் வயது பிரித்து வளர்ப்பதுதான் நல்லது. அதே போல, ஆறு எட்டுக் கிழமைக்குக் குறைந்த குஞ்சுக்குக் குரோவரும் போதாது, 20 சதவீதம் அளவுக்குப் புரதமுள்ள ஸ்டார்ட்டர் வேண்டும். அதைக் கூட்டின் ஒரு மூலையில் வைத்து, குஞ்சு மட்டும் நுழையும் இடைவெளி விட்டு மரச்சட்டம் அடித்திருக்கிறேன். தாய்க்கோழி வெளியே நின்று கூப்பாடு போடும், போடட்டும். ஸ்டார்ட்டரில் சில வகைகளுக்கு இரத்தக்கழிச்சலைத் தடுக்கும் மருந்து கலந்திருப்பார்கள். முட்டையிடும் கோழி அதைத் தின்னக்கூடாது என்று மூடையின் சீட்டிலேயே போட்டிருக்கும். சீட்டைக் கிழித்து எறிவதற்கு முன் படிக்க வேண்டும். எனக்கு விளங்காததை டொக்டரிடம் போனில் படித்துக் காட்டிக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் குளிருக்கும் தீனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நுவரெலியாப் பக்கம் வருஷம் முழுக்கச் சராசரி 16 பாகை அளவுதான். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைப் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். உடம்பைச் சூடாக வைத்திருக்கவே கோழிக்குத் தீன் செலவாகிறது. அந்த மாதங்களில் என் கோழிகள் வழக்கத்தைவிட நாளுக்கு ஒரு பிடி கூடுதலாகத் தின்னும். பின்னேரம் அம்மா முழுச்சோளம் வீசுவார். இரவில் மெல்லச் செரித்து உடம்புக்குச் சூடு கொடுக்கும். நல்லதுதான், மஞ்சள் கருவுக்கும் நிறம் வரும். ஆனால் அவர் கை தாராளமான கை. 110 கிராம் நல்ல தீன் தின்னும் கோழிக்குப் புரதம் 18 கிராம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 40 கிராமைக் குறைத்துச் சோளம் கொடுத்தால், கிடைப்பது 15 கிராம்தான். வயிறு நிறைந்திருக்கும், முட்டை குறைந்திருக்கும். இப்போது ஒரு கோழிக்கு ஒரு மேசைக்கரண்டி என்று அம்மாவோடு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறேன். அதுவும் தொட்டித் தீன் தின்று முடித்த பிறகுதான்.

குளிரைவிட எனக்குப் பயம் ஈரத்தில்தான். மே மாதம் மழை பிடித்தால் கிழமைக்கணக்கில் வெயிலைக் காண முடியாது. மூடுபனி காம்பராவுக்குள்ளேயே வந்து உட்காரும். மூடையைச் சிமெந்துத் தரையில் வைத்தால் அடியிலிருந்து பூஞ்சணம் பிடிக்கும். சோளத்தில் பிடிக்கும் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைத் தின்றுவிடும். வெயிலில் காயவைத்தாலும், வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. "ஒரு பக்கம்தானே புள்ள, கழிச்சிட்டுக் குடுக்கலாம்" என்று அம்மா சொன்ன அரை மூடையை ஒரு தரம் நான் குழி தோண்டிப் புதைத்தேன். அன்றைக்கு அம்மா என்னோடு பேசவில்லை. ஒரு நாள் சம்பளத்துக்கு எவ்வளவு கொழுந்து எடுக்க வேண்டும் என்பது தெரிந்தவர், அவர் மனம் எனக்குப் புரியும். இப்போது 50 கிலோ மூடையைப் பக்கத்து லயத்து அக்காவோடு சேர்ந்து வாங்கி, பாதியாகப் பிரித்துக்கொள்கிறோம். என் பங்கு இரண்டு கிழமைக்குள் முடிந்துவிடும். அடுப்படிப் பக்கம், பலகையின் மேல், சுவரில் படாமல், மூடியுள்ள வாளியில் வைத்திருக்கிறேன். காலையில் மாஷை வெந்நீர் விட்டுப் பிசைந்து கொடுத்தால் குளிருக்கு ஆசையாகத் தின்னும். ஆனால் அரை மணியில் தின்று முடிக்கும் அளவுதான் பிசைய வேண்டும்.

அடுப்படி மிச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோவாவின் வெளி இலை, கரட் இலை, பீட்ரூட் இலை எல்லாம் நல்லது. மரக்கறித் தோட்டத்தில் மருந்தடித்துச் சில நாள்கூட ஆகாத இலையாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். வெயில் பட்டுப் பச்சையாகிப்போன உருளைக்கிழங்குத் தோலும் முளையும் கொடுக்கவே கூடாது. எங்கள் பக்கம் கிழங்கு மலிவான நாட்களில் வாளி வாளியாகக் கோழிக்குத்தான் போகிறது. ஆனைக்கொய்யாவின் தோலும் கொட்டையும் பறவைகளுக்கு நஞ்சு. வேகவைக்காத போஞ்சி விதையும் அப்படித்தான். கருவாட்டுத் தலையைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்காமல் போட்டால், தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கழியும்.

மிஞ்சின ஆறு வெடைக்கோழிகளும் பிழைத்துக்கொண்டன. பேணியை நான் அடித்து வைத்தபோது, "கோழிக்குச் சிப்பி விருந்தா?" என்று கேட்டவர் அம்மா. அதே அம்மா ஒரு பின்னேரம் கூட்டைப் பூட்டப் போனவர், அங்கேயே நின்று என்னைக் கூப்பிட்டார். வெடைக்கோழிகளில் கருப்புப் புள்ளி விழுந்த ஒன்று பேணிக்கு முன்னால் நின்று, சிவப்புக் கோழிகளுக்கு நடுவில் தலையை நுழைத்து, மும்முரமாகக் கொத்திக்கொண்டிருந்தது. அதன் கொண்டை இரண்டு மூன்று நாளாகவே சிவந்து தடித்திருந்ததை நான் கவனித்திருந்தேன். பேணியை அம்மா கவனித்திருக்கிறார்.

"இன்னும் பத்து நாள், புள்ள" என்றார்.

ஒன்பதாம் நாள் விறகுக் கட்டுக்குப் பின்னால் இருந்து எடுத்துக்கொண்டு வந்தார். சின்னது, ஒரு பக்கம் கொஞ்சம் இரத்தக் கீறல். நகத்தால் தட்டிப் பார்த்தேன், டக்கென்று கேட்டது.